ஒடியல் மாவா, புழுக்கொடியல் மாவா? போத்தலில் பெயர் இல்லை

தேயிலைத்தளிர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் பண்டாரவளைப் பக்கம். வேலை மாற்றம் கிடைத்து இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்கார அன்ரி மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடா போய்விட்டார். போகும்போது, "குசினியில இருக்கிறதெல்லாம் எடுத்துச் சமை பிள்ளை, பூச்சி பிடிக்க விட்டிடாதை" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

சிக்கல் இதுதான். தட்டில் இரண்டு பழைய நெஸ்டமோல்ட் போத்தல்கள் இருக்கின்றன. இரண்டிலும் மா. ஒன்று மங்கல் வெள்ளை, மற்றது லேசான மஞ்சள். எதிலும் பெயர் ஒட்டவில்லை. வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்பிக் கேட்டால், "ஒண்டு ஒடியல், மற்றது புழுக்கொடியல், ரெண்டும் பனைதான்" என்று குரல்பதிவு வருகிறது. எது எது என்று திருப்பிக் கேட்டேன். "பார்த்தாலே தெரியுமே!" என்கிறார்.

எங்கள் பக்கம் பனையே இல்லை. எனக்கு எப்படித் தெரியும்?

வருகிற ஞாயிறு கந்தோரில் கூட வேலை செய்பவர்கள் ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வருகிறார்கள். கூழ் காய்ச்சித் தருகிறேன் என்று வேறு சொல்லி வைத்திருக்கிறேன். எந்த மாவைப் போட வேண்டும்? மாறிப் போட்டால் என்ன ஆகும்?

இன்னும் இரண்டு சின்னக் கேள்வி. அதே தட்டில் கடதாசியில் சுற்றி, கறுத்த தோல் மாதிரி ஒரு தகடு இருக்கிறது. அது தின்கிற சாமானா, மருந்தா? பிறகு, பக்கத்து வீட்டு ஐயா "கருப்பணி குடிக்கிறீங்களோ பிள்ளை?" என்று கேட்டார். கள்ளைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "ஐயோ, நான் குடிக்கிறதில்லை ஐயா" என்றேன். அவருக்கு முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. அது கள்ளில்லையா?


கோண்டாவில் குசினி:

தங்கச்சி, கூழுக்கு ஒடியல் மாதான். மற்றதைப் போட்டால் மீன் ரசம் ஒரு பக்கம், மா ஒரு பக்கம் என்று நிற்கும். அந்தத் தகடு பினாட்டு. பனம்பழத்துக் களியைப் பிழிந்து பாயில் படை படையாக ஊற்றிக் காயவைத்தது. பயப்படாமல் ஒரு துண்டு வெட்டித் தின்னுங்கள். இனிப்போடு அடியில் ஒரு கைப்பும் இருக்கும், பழுதாகிவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள், அது அப்படித்தான்.

மாவை எப்படிப் பிரிப்பது என்று எனக்கு எழுத்தில் சொல்ல வராது. இங்கே ஒரு மில்காரர் இருக்கிறார், அவர் வருவார் பாருங்கள்.


தென்மராட்சி மில்காரன்:

வந்துவிட்டேன்.

கொடிகாமம் பக்கம் சின்னதாக ஒரு மில் வைத்திருக்கிறேன். மிளகாய், அரிசி, உழுந்து எல்லாம் அரைப்பது போலப் பனைச் சாமானும் அரைப்பேன். மாசி, பங்குனி வெயிலில் காயவைத்ததைச் சனம் கடகத்தில், அதாவது பனையோலைப் பெட்டியில், கொண்டு வந்து வரிசையில் வைத்துவிட்டுப் போகும். கடகத்தில் பெயர் எழுதியிருக்கும், உள்ளே என்ன சாமான் என்று எழுதியிருக்காது. அதை நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே இது என்னுடைய பாடம்.

இரண்டும் ஒரே பனங்கிழங்குதான். விதையைப் பாத்தியில் அடுக்கி, மாரி மழையைக் குடித்து முளைத்து, தை மாதமளவில் கிண்டி எடுக்கிறோமே, அதே கிழங்கு. பச்சையாகத் தோலுரித்து, இரண்டாகக் கிழித்து வெயிலில் போட்டால் ஒடியல். அவித்து எடுத்து, தோலும் தும்பும் உரித்து, கிழித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். பானைக்குள் இறங்கி வந்ததா, இல்லையா, அவ்வளவுதான். பச்சரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் பாதி விளங்கிவிடும்.

முழுத் துண்டாக இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒடியல் வெள்ளையாக, ஒளி ஊடுருவாமல் இருக்கும். கையால் வளைத்தால் சட்டென்று முறியும், முறிந்த இடத்தில் மா தெரியும். புழுக்கொடியல் மஞ்சளோடி, வெளிச்சத்தில் பிடித்தால் ஓரங்கள் கண்ணாடித் தன்மையாகத் தெரியும். கடித்தால் பல்லுக்கு வேலை. மில்லில் எனக்குப் பார்க்கவே தேவையில்லை, காது போதும். ஒடியல் போட்டால் இரைச்சல் சீராக ஓடும், மா தூசாகப் பறந்து என் மீசை நரைக்கும். புழுக்கொடியல் விழுந்தால் கடகடவென்று சத்தம், மோட்டார் மூச்சு வாங்கும். உரலில் இடித்துச் சிறிதாக்கிக் கொண்டு வாருங்கள் என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். கேட்கிறவர்கள் குறைவு.

மாவாகிப் போத்தலுக்குள் போன பிறகுதான் கஷ்டம். அதில் முதல் விதி: நிறத்தை நம்ப வேண்டாம். காயும்போது ஒரு மழைத்தூறல் பட்டாலே ஒடியல் நிறம் மங்கிவிடும். நாட்பட்ட ஒடியல் மாவும் மஞ்சளிக்கும். வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒடியல் என்று எண்ணினால் ஞாயிறு உங்கள் கூழ் போய்விடும்.

ஒரு சிட்டிகை எடுத்துப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தேய்த்துப் பாருங்கள். ஒடியல் மா விரல் ரேகைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். புழுக்கொடியல் மாவை எவ்வளவு சின்னக் கண் அரிதட்டில் அரித்தாலும் குறுணியாக உருளும். பிறகு போத்தலுக்குள் மூக்கை வைத்து மணந்து பாருங்கள். புழுக்கொடியலில் அவித்த கிழங்கின் இனிப்பு வாசம் இருக்கும். ஒடியலில் பச்சை வாசம். நாக்கு நுனியில் ஒரு துளி வைத்துவிட்டுத் துப்புங்கள். கைத்தால் ஒடியல். புழுக்கொடியல் மெல்லிய இனிப்பு. இந்தக் கைப்புக்குப் பயந்துதான் மில்லில் ஒடியலைக் கடைசியில் அரைப்பேன். அதற்குப் பின்னால் கழுவாமல் யாருக்காவது அரிசி மா அரைத்துக் கொடுத்தால், மறுநாள் காலை இடியப்பம் கைக்குது என்று வாசலில் வந்து நிற்பார்கள்.

இவ்வளவுக்கும் சந்தேகம் தீராவிட்டால் அடுப்புத்தான் நீதிபதி. ஒரு தேக்கரண்டி மாவை அரைக் கோப்பை பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னச் சட்டியில் விட்டு மெல்லிய நெருப்பில் துழாவுங்கள். ஒடியல் மா என்றால் கொதிக்க முதலே வெள்ளை நிறம் குறைந்து, வழுவழுவென்று இறுகி, அகப்பையைத் தூக்கும்போது கூடவே இழுபட்டு வரும். புழுக்கொடியல் மா தண்ணீரைக் குடித்து ஊதும், அந்த மாதிரி இழுக்காது. சட்டியை இறக்கி வைத்தால் மண்டி கீழேயும் தண்ணீர் மேலேயுமாகப் பிரியத் தொடங்கும்.

ஏன் என்று கேட்டால்: கிழங்கிலிருக்கும் மாப்பொருள் சூட்டில் தண்ணீரைக் குடித்து வீங்கி உடையும்போதுதான் பசை வருகிறது. புழுக்கொடியலில் அந்த வேலை முதல் பானையிலேயே முடிந்து, பிறகு வெயிலில் காய்ந்து இறுகிவிட்டது. திரும்ப அவித்தால் பழைய பசை வராது. கூழுக்குத் தடிப்புக் கொடுப்பது அந்தப் பசைதான்.

ஒடியல் எது என்று தெரிந்த பிறகும் அப்படியே கொட்டிவிடாதீர்கள். முதல் நாள் இரவே நிறையத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிகிற தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று தரம் மாற்றினால் நல்லது. கைப்பு அதோடு போகும். இது ருசிக்காக மட்டும் சொல்வதில்லை. 1970களில் ஒடியல் மாவை எலிகளுக்குத் தொடர்ந்து ஊட்டிப் பார்த்த ஆய்வுகளில் ஈரல் பாதிப்புக் கண்டிருக்கிறார்கள். நாங்கள் கூழ் குடிப்பது எப்போதாவது ஒரு நாள், அதுவும் ஊறவைத்து, வடித்து, நன்றாகக் காய்ச்சி. அந்த முறையை விட்டுவிட்டு, இயற்கை உணவு என்று பச்சை ஒடியல் மாவைத் தினமும் பாலில் கலக்கிக் குடிக்கிறவர்களையும் இப்போது கேள்விப்படுகிறேன். தயவு செய்து வேண்டாம். அப்படிச் சமைக்காமல் தின்பதற்கென்றே புழுக்கொடியல் இருக்கிறது.


தும்பளை அக்கா:

மில்காரத் தம்பி மாவைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. முதல் நாள் இரவே ஊறவிடுகிற கதையை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த வெக்கைக்கு இரவு முழுக்க வெளியில் வைத்தால் மா புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி, மத்தியானம் கடந்து கூழுக்கு எடுங்கள். கூழ் பின்னேரச் சாப்பாடுதானே.

கால் கிலோ மா ஏழெட்டுப் பேருக்குக் காணும். பெரிய பானையில் தண்ணீர் கொதித்ததும் ஒரு கைப்பிடி அரிசி, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை. அவை அரைவாசி வெந்த பிறகு மீன் தலை, நண்டு, இறால். முள்ளுக் கூடின மீனைத் தவிருங்கள், கூழுக்குள் முள் தேட முடியாது. செத்தல் மிளகாயையும் மஞ்சளையும் அம்மியில் அரைத்தால் ருசி, இல்லாவிட்டால் மிக்ஸியில் அரையுங்கள். அந்தக் கூட்டையும் பழப்புளியையும் ஊறின மாவோடு சேர்த்துக் கரைத்து, எல்லாம் வெந்த பிறகு கடைசியில் ஊற்ற வேண்டும்.

ஊற்றுகிற அந்த நேரம்தான் கூழின் உயிர். ஒருவர் நூலாக ஊற்ற, இன்னொருவர் அகப்பையை நிறுத்தாமல் அடியோடு துழாவ வேண்டும். தனியாகச் செய்யப் போகாதீர்கள், கந்தோர்ப் பிள்ளைகளில் ஒருத்தியைக் குசினிக்குள் கூப்பிடுங்கள். மா வெந்து நிறம் மாறி, மேலே பெரிய குமிழி மெதுவாக வந்து உடைகிறபோது இறக்கலாம். "இன்னும் கொஞ்சம் தண்ணியாக இருக்குதே" என்று தோன்றும்போதே இறக்குங்கள். ஆற ஆற இறுகும். தோன்றின பிறகும் அடுப்பில் விட்டால் கரண்டியால் வெட்டித்தான் போட வேண்டி வரும்.

இன்னொன்று. வருகிறவர்களிடம் ஒடியற்கூழ் என்று சொன்னீர்களா, வெறும் கூழ் என்று சொன்னீர்களா? ஆடிப்பிறப்புக்குக் காய்ச்சுகிற ஆடிக்கூழும் கூழ்தான். அது அரிசி மா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி போட்ட இனிப்புச் சாமான். ஒடியல் மாவுக்கும் மீனுக்கும் அங்கே வேலையே இல்லை. மரக்கறி மட்டும் சாப்பிடுகிற மரக்கறிக்காரர் யாராவது இனிப்புக்கூழ் என்று நினைத்து வந்தால் நண்டுக் காலைப் பார்த்து ஓடிவிடுவார்கள்.


தேயிலைத்தளிர்:

இப்போதுதான் அடுப்படியிலிருந்து வருகிறேன். மஞ்சள் போத்தல்தான் ஒடியல்! இழுத்தது பாருங்கள், அகப்பையோடு சட்டியும் எழும்பி வந்துவிடும் போலிருந்தது. வெள்ளைப் போத்தல் மாவை நான் கூழுக்கென்று எடுத்தே வைத்திருந்தேன். அது விரலில் குறுணியாக உருண்டது, நாக்கில் இனித்தது. மில்காரர் அண்ணா, உங்கள் மில் நல்லா ஓடட்டும்.

மரக்கறிக்காரர் ஒருவர் இருக்கிறார் அக்கா. நல்ல நேரம் சொன்னீர்கள். அவருக்கு என்ன செய்வது? கருப்பணிக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஐயா இப்போதெல்லாம் வேலியால் எட்டிப் பார்ப்பதும் இல்லை.


தளைநார்:

பிள்ளை, அந்த ஐயாவிடம் நாளைக்கே செம்பு கொண்டு போங்கள். அவர் தர நினைத்தது சின்னப் பிள்ளைகளும் குடிக்கிற சாமான்.

எங்கள் அப்பு மரம் ஏறினவர், அதனால் சொல்கிறேன். பாளையைச் சீவினால் வடிகிற நீர் ஒன்றுதான். வெறும் முட்டியைக் கட்டினால் அதில் விழுகிற நீர் மரத்தில் இருக்கும்போதே புளிக்கத் தொடங்கி, இறக்கும்போது கள்ளாகிவிடும். முட்டியின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் புளிக்காது, இனிப்பாகவே இறங்கும். அதுதான் கருப்பநீர், நாங்கள் பேச்சில் கருப்பணி என்கிறோம். தமிழ்நாட்டில் பதநீர் என்பது இதைத்தான். ஒரே மரத்தில் ஒரு முட்டி கள்ளும் ஒரு முட்டி கருப்பணியும் தொங்கலாம். அப்பு இரண்டையும் சேர்த்து இறக்குகிற நாளில் எங்களைக் கிட்ட விடமாட்டார், மாறிக் குடித்துவிடுவோம் என்று.

குடிக்க முதல் பார்த்துக்கொள்ளுங்கள். கள் வெண்மையாகக் கலங்கி, மேலே நுரைத்து, புளிச்ச மணம் வீசும். கருப்பணி அதைவிடத் தெளிவாக, நுரையில்லாமல், நாக்கில் இனிப்போடு ஒரு சுண்ணாம்பு வாசமாக இருக்கும். கலங்கலாக, நுரை கட்டி இருந்தால் அது கருப்பணி என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். சுண்ணாம்பு காணாமல் போயிருக்கும், அல்லது நேரம் பிந்தியிருக்கும். நல்ல கருப்பணியையும் பின்னேரம் வரை வைத்திருக்க வேண்டாம். எங்கள் வீட்டில் மாங்காயைச் சீவிப் போட்டு, ஓலைப் பிளாவில் குடிப்போம்.

அதைக் காய்ச்சினால் பாணி. இன்னும் காய்ச்சிக் குட்டான் என்கிற சின்ன ஓலைப் பெட்டியில் ஊற்றி இறுக விட்டால் பனங்கட்டி. பனங்கட்டி வாங்கும்போது சீனி கலந்ததா என்று பாருங்கள். உடைத்த முகத்தில் வெளிர் நிறமும் பளபளவென்ற சீனி மணியும் அதிகம் கண்டால் எனக்குச் சந்தேகம்தான்.


தும்பளை அக்கா:

மரக்கறிக்காரருக்கு ஒடியற்பிட்டு அவித்துக் கொடுங்கள். ஊறின ஒடியல் மாவை வெள்ளைத் துணியில் கட்டி இறுக்கிப் பிழிந்து, தேங்காய்ப்பூ, உப்பு, பச்சை மிளகாய், வெங்காயம், பொடியாக அரிந்த முருங்கையிலை போட்டுக் குழைத்து, பிட்டு அவிக்கிற ஓலைப் பெட்டியான நீத்துப்பெட்டியில் அவிக்கலாம். மற்றவர்களுக்கு அதிலேயே இறால் போடலாம், ஆனால் அவருடையதை முதலில் அவித்து எடுத்துவிட்டுப் போடுங்கள். இதற்கும் ஒடியல் மாதான். புழுக்கொடியல் மா பிட்டாக நிற்காது, உதிரும்.


ஸ்காபரோ குளிர்:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எங்களுக்குப் பிரச்சினை வேறு. இங்கே கனடாவில் கடைகளில் வருகிற பைகள் சிலதில் "பனை மா" என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. போன மாதம் வாங்கியதில் கூழ் காய்ச்சினோம். மனைவி நெருப்பைக் குறை என்கிறா, நான் கூட்டு என்கிறேன், மாமியார் போனில் இன்னும் மா போடு என்கிறா. முழுப் பையும் போய்விட்டது, கூழ் கடைசிவரை இறுகவில்லை. கோதுமை மா கரைத்து ஊற்றிச் சமாளித்தோம். வந்தவர்கள் நல்லாயிருக்கு என்றுதான் சொன்னார்கள், ஆனால் ஒருவரும் இரண்டாம் தரம் கேட்கவில்லை. இதை வாங்கும்போதே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?


தென்மராட்சி மில்காரன்:

உங்கள் பையில் இருந்தது புழுக்கொடியல் மாதான், சந்தேகமே வேண்டாம். பையை உடைக்காமல் மணக்கவும் முடியாது, தேய்க்கவும் முடியாது. பின்பக்கத்தில் செய்முறை போட்டிருந்தால் அதை வாசியுங்கள். ஊறவைக்கச் சொன்னால் ஒடியல். தேங்காய்ப்பூவும் சீனியும் குழைத்துச் சாப்பிடச் சொன்னால் புழுக்கொடியல். ஒன்றுமே போடாமல் வெறும் பனை மா என்று எழுதிய பையை வாங்காதீர்கள். ஊரிலிருந்து யாராவது வந்தால், பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் கடையில் பெயர் பார்த்து வாங்கிவரச் சொல்லுங்கள். அதைவிடச் சுகம், அரைக்காத முழு ஒடியலாகவே கொண்டுவரச் சொல்லி, கையால் முறித்துப் பார்த்து அங்கே அரைப்பது. ஆனால் வீட்டு மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், இடித்து நொறுக்கிய பிறகு.

தும்பளை அக்கா, மா புளிக்கும் என்று நீங்கள் சொன்னது வெக்கை நாளுக்குச் சரி. இரவு பிரிட்ஜுக்குள் வைத்தால் என் கணக்கும் பிழையில்லை.

தேயிலைத்தளிர் தங்கச்சி, அந்த வெள்ளைப் போத்தல் மாவைக் கைவிட்டுவிடாதீர்கள். இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, துருவின தேங்காய்ப்பூவும் பனங்கட்டித் தூளும் சேர்த்து, நாலு துளி சுடுதண்ணீர் தெளித்துக் கையால் பிசிறிவிட்டு அஞ்சு நிமிடம் மூடி வையுங்கள். குறுணியெல்லாம் இளகிவிடும். பின்னேரத் தேத்தண்ணியோடு சாப்பிடலாம். போத்தலைத் திறந்தபடி வைத்தால் வண்டு விழும், மூடியை இறுக்கிப் பூட்டுங்கள். இப்போதே இரண்டிலும் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள், அன்ரி திரும்பி வந்து பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை.


தேயிலைத்தளிர்:

ஒட்டிவிட்டேன் அண்ணா. ஒடியல் போத்தலில் "ஊறவை" என்றும் சேர்த்து எழுதியிருக்கிறேன். தும்பளை அக்கா, நீத்துப்பெட்டி வீட்டில் இல்லை. பிட்டுக்குழலில் அவித்தால் மா அடைபடுமா, சரியாக வருமா?


தும்பளை அக்கா:

வரும். அமத்திப் போடாதீர்கள், தேங்காய்ப்பூவும் மாவும் மாறி மாறி, பொலபொலவென்று இருக்க வேண்டும். ஆவி மேலால் வந்த பிறகும் சாதாரணப் பிட்டைவிடக் கொஞ்சம் கூட நேரம் விடுங்கள், ஒடியல் மா வேகாமல் இறக்கினால் தொண்டையில் பிடிக்கும்.